ஆமா சொல்ல வராதவர்

நாற்காலியைக் கவிழ்த்து நான்கு கால்களையும் தட்டிப் பார்க்கிறார் ஐயா. பிறகு நிமிர்த்தி, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தான் உட்காரப்போகும் பலகையை மட்டும் துடைக்கிறார். மற்றவர்கள் அழுக்கில் உட்கார்ந்தால் அவருக்கென்ன வந்தது?

ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போயிற்று, வாயிலிருந்து 'இல்ல' மட்டும் போகவில்லை. அந்த வம்சமே அப்படி. சாவு வீட்டில் சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்துகிறதென்று, அழுகிறவர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறித் திருகிவைத்தவள் இவருடைய அத்தை. அவள் அண்ணன் மகனான இவர் அவளுக்கும் ஒரு படி மேல். தூக்கம் கெட்டு, நாளெல்லாம் கத்திக் கத்தி, ஒட்டிக்கொண்டிருந்த ஒரே மகளையும் விரட்டியடித்தார். பேத்தி பிறந்து இரண்டு மாதமாகிறது, இன்னும் முகம் பார்க்கவில்லை. மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "டாக்டர் சொன்ன பத்து வார வகுப்பையும் முடிச்சு, டீச்சர் கையெழுத்தோட வாங்கப்பா. அப்புறம் புள்ளையத் தூக்கலாம்."

அதற்காகத்தான் ஆஸ்பத்திரி மாடியில், மனசு நொந்தவர்கள் கூடி நாடகம் போடும் இந்த அறைக்கு வருகிறார். எழுதிவைத்த வசனம் கிடையாது, வேஷம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் 'ஆமா' என்று ஏற்றுக்கொண்டு மேலே ஒன்று சேர்க்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஐயாவுக்கு அதுதான் தொண்டையில் முள்.

போன வாரம், கூட வருகிறவர்களில் ஒருவரான முடிதிருத்துகிறவர் கையை அகல விரித்து, "அடடா, கடல்!" என்றார்.

"கடலும் இல்ல, கிடலும் இல்ல. தரை. அதையும் எவனும் ஒழுங்காத் தொடைக்கல."

கடல் அத்தோடு வற்றிப்போனது.

இந்த வாரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில். போயும் போயும் இவரைப் பரிசோதகராக்கினாள் அந்த டீச்சர். முடிதிருத்துகிறவர் வெறுங்கையை நீட்டினார்.

"நேத்துத் தேதி. எறங்கு."

தையல்காரர் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருப்பதாகச் சொன்னார். ஐயாவுக்கு அது ஜென்மப் பகை. வேலைக்காலத்தில் எத்தனை கைக்குட்டைகள் தண்டவாளத்தில் பறந்தன! இல்லாத கைக்குட்டையை எடுத்து, இல்லாத ஜன்னல் வழியே வீசியெறிந்தார். தையல்காரரும் இறங்கினார்.

"ஐயா, 'ஆமா' சொல்லணும்," என்றாள் டீச்சர்.

"டிக்கெட் இல்லாதவனுக்கு ஆமா போட நான் என்ன அவன் மச்சானா?"

"வண்டியக் காலி பண்ணினீங்கன்னா இந்த வாரம் கையெழுத்து கிடையாது."

மிச்சம் இருந்தது ஒருத்திதான், இஸ்திரிக் கடைக்காரி. புருஷன் செத்த நாளிலிருந்து யாரோடும் பேச்சில்லை. இந்த அறையில் ஐந்து வாரமாக ஒரு சொல்லில்லை. அதற்காக இவர் விட்டாரா?

"டிக்கெட்!"

அவள் உள்ளங்கையை மெல்ல விரித்தாள். "ரெண்டு இருக்கு. ஒண்ணு அவரோடது. டீ வாங்க எறங்கினாரு. இன்னும் ஏறல."

ஐயாவின் வாய் 'இ' என்று கோணிக்கொண்டது. பழக்கம் விடுமா? ஆளில்லாத டிக்கெட் செல்லாது என்பதைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் ஒப்பிப்பவர். ஆனால் 'இல்ல'வும் வரவில்லை, 'ஆமா'வும் வரவில்லை. கோணிய வாய் கோணியபடி நின்றார்.

வேடிக்கை பார்த்துக் கால் கடுத்த முடிதிருத்துகிறவர், அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"யோவ், எந்திரி! ஆள் வருது."

ஐயா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அந்தக் காலி நாற்காலியை அழுத்தித் துடைத்தார். பிறகு கைக்குட்டையை உதறி, நாற்காலிமேலேயே விரித்துப் போட்டார்.