முச்சனேட்டாவும் நாத்தனாரின் வெள்ளை விரிப்பும்

சூனியக்காரியாம்! நன்றாக இருக்கிறது கதை. சூனியம் வைக்கிறவள் பட்டப்பகலில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு, நாத்தனாரின் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டா காட்டுக்குப் போவாள்? அடிகுழாயடியில் வாளியை வைத்துவிட்டு வாயைத் திறக்கும் ஷிங்கியின் அம்மாவிடம் இதைக் கேட்டால் பதில் வராது. "அப்போ குப்பியில இருந்தது என்னவாம்? என் ரெண்டு கண்ணால பாத்தேன். குப்பி நெறைய சாராயம், சாராயத்துக்குள்ள சிலந்தி!" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். சிலந்திதான். யார் இல்லை என்றது? அவள் பார்த்தது அவ்வளவுதானா? அதற்கப்புறம் காட்டில் மண்டியிட்டாளே, அதை ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள்?

சரி, முதலிலிருந்தே கேளுங்கள்.

முச்சனேட்டா என்றால் நம் பாஷையில் 'நீங்களே களைத்துப்போவீர்கள்' என்று அர்த்தம். வம்பு பேசும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல நினைத்ததை அவள் அப்பா மகளுக்குப் பெயராக வைத்துவிட்டார். நம் ஊரில் பாதிப் பெயர்கள் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காடு என்றால் போதும். விறகுக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, எறும்பு மாதிரி நடித்து எறும்புக் கூட்டத்தையே ஏமாற்றிய ஒரு சிலந்தியின் கதையைச் சொல்லுவாள். புருஷன் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அடுப்பு எரியாவிட்டாலும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

அந்த மனிதன் போய்ச் சேர்ந்தான். மகள் ததிவாவும் கல்யாணமாகி முட்டாரேவுக்குப் போனாள். மிஞ்சியவர்கள் முச்சனேட்டாவும், புருஷனின் அக்கா எஸ்னாத்தும். கீரையில் உப்பு கூடிப்போச்சு, கோழி என் கட்டிலுக்கடியில் முட்டையிட்டது என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரிக்குச் சட்சாக் களி கிண்டி இறக்கும்வரை சண்டை ஓயாது. எஸ்னாத் வெள்ளை அங்கி போட்டு, வெறுங்காலோடு, கோல் ஊன்றி மரத்தடியில் வணங்குகிற சபைக்காரி. கறார் பேர்வழி.

முசாசா மரங்கள் செம்புநிறத்தில் தளிர்விட்ட சமயம் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. நொம்சா என்று ஒருத்தி, கூட உதவிக்கு இரண்டு பேர். இந்தக் காட்டில் என்னென்ன சிலந்தி உண்டு என்று பார்க்க வந்தவர்கள். வழிகாட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஊர்த்தலைவர் யோசிக்காமல் முச்சனேட்டாவின் வீட்டைக் காட்டினார். நொம்சா அவளிடம், சிலந்தி கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய சில குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுமுறை வருவதற்குள் எல்லாவற்றையும் நிரப்பி அலமாரியில் வைத்திருந்தாள் முச்சனேட்டா. உப்பு கேட்டு வந்த ஷிங்கியின் அம்மா பார்த்தது அதைத்தான்.

"மழை முடியற வரைக்கும் காடு காடாப் போகப்போறோம்க்கா. நீங்களும் கூட வாங்க. ஆனா வீட்ல சம்மதம் சொல்லணும்," என்றாள் நொம்சா.

வீட்டில் சம்மதம் என்றால் எஸ்னாத்தின் வாய்ச்சொல். வேறு யார்?

"சிலந்தி பிடிக்கவா என் தம்பி மாடு குடுத்து உன்னக் கட்டினான்? பேசாம கெடடி," என்று முடித்துவிட்டாள் எஸ்னாத். ஊர் சூனியம் என்று கிசுகிசுத்தபோதும் அவள் மறுக்கவில்லை. தலையை வேறு ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் முச்சனேட்டாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரே ஒரு நாளாவது போய்விட வேண்டும் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை, எஸ்னாத் வயலுக்குப் போன பிறகு, கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு நொம்சாவின் ஆட்களோடு கிளம்பிவிட்டாள்.

அந்த நாள் மாதிரி ஒரு நாள் வருமா! கிளைக்கு அடியில் விரிப்பை விரித்து மற்றவர்கள் மூலைகளைப் பிடித்துக்கொள்ள, முச்சனேட்டா கம்பால் கிளையைத் தட்டுவாள். பொலபொலவென்று சிலந்தி உதிரும். பச்சை, மஞ்சள், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுவது, பூனை மாதிரிப் பாய்வது. காய்ந்த இலையைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்ததைத் தொட்டு எழுப்பினார்கள். பொடிசுகளைப் பிடிக்க ஒரு ரப்பர் குழாய். இந்த முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் அந்த முனையில் சிலந்தி குப்பிக்குள் விழும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. வராது என்று நொம்சா சொன்னாள். முச்சனேட்டா முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் உறிஞ்சினாள்.

அதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க எஸ்னாத்தும் ஷிங்கியின் அம்மாவும் சபைக்காரிகள் இரண்டு பேரும் மேடேறி வந்தார்கள். மேட்டிலிருந்து என்ன தெரிந்தது? பெரிய முசாசா மரம். அடியில் வெள்ளைத் துணி. சுற்றிலும் தலை குனிந்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பக்கத்தில் ஒரு கோல்.

வழிபாடு நடக்கிறது என்று நம்ப எஸ்னாத்துக்கு அது போதாதா? வெள்ளை விரித்த மரத்தடிக்குள் செருப்போடு கால் வைக்கிறவளா அவள்? எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மூடி, மரியாதைக்குக் கைகுவித்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்து மண்டியிட்டார்கள்.

முச்சனேட்டாவின் வாயில் குழாய். குழாயின் அந்த முனையில், எள்ளளவில் ஒரு சிலந்தி பாதி உள்ளே, பாதி வெளியே. வாயைத் திறந்தால் அது போய்விடும்.

எஸ்னாத் கண்ணை மூடி உரக்க ஆரம்பித்தாள். "ஆண்டவரே, என் தம்பி பொண்டாட்டி சாமி கும்பிட வந்திருக்கா. அவள ஊரு தப்பாப் பேச நான் விட்டேன். ஏன் விட்டேன்னு ஒமக்குத் தெரியும். அவ போயிட்டா நான் யாருகூடச் சண்ட போடுவேன்? கோழிகூட என்கூடப் பேசாது. மன்னியும். இனி அவ எங்க போகணும்னாலும் போகட்டும். நான் தடுக்கமாட்டேன்."

முதலில் நொம்சாவுக்குத்தான் சிரிப்பு பீறிட்டது. எஸ்னாத் கண்ணைத் திறந்தாள். துணியின் மேல் உள்ளங்கையளவு சிலந்தி ஒன்று அவள் முட்டியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், துணியின் மூலையில், அவளே தைத்த நீலப்பூ.

"அடியே! இது என் படுக்கை விரிப்புடி!"

முச்சனேட்டா எள்ளளவுச் சிலந்தியை உறிஞ்சி முடித்து, குப்பியை மூடினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, செருப்பக் கழட்டினீங்களா?"

"கழட்டினேன். அதுக்கு?"

"மண்டி போட்டீங்களா?"

"போட்டேன்டி. விரிப்புனு தெரியாமப் போட்டேன்."

"ஆண்டவர் பேரச் சொன்னீங்களா? வெறுங்காலோட சொன்ன சொல்ல வீட்டுக்குப் போய் மாத்திக்கலாம்னு உங்க சபையில உண்டா?"

எஸ்னாத் சபைக்காரிகளைப் பார்த்தாள். அவர்கள் தங்கள் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தது யார் தெரியுமா? ஷிங்கியின் அம்மா! "சொன்னது சொன்னதுதான் எஸ்னாத். என் காதால கேட்டேன்," என்றாள். அவள் வாயால் ஊருக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

அப்புறம் என்ன, அவித்த கடலையைப் பங்குபோட்டுத் தின்றார்கள். ஷிங்கியின் அம்மா கம்பை வாங்கிக் கிளையைத் தட்டியும் பார்த்தாள். கழுத்தில் ஒன்று விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் காட்டுக்கோழிகள் பறந்தன. எஸ்னாத் சிரித்த சிரிப்பில் முக்காடே நழுவியது.

அவளை ஏற்றிப்போக வண்டி வந்த காலையில் முச்சனேட்டாவின் மூட்டைமேல் அந்த விரிப்பு வெளுத்து, கரிப்பெட்டியால் தேய்த்து, மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கறையோட கொண்டாந்தா உள்ள விடமாட்டேன்," என்றாள் எஸ்னாத்.

"கறையில்லாம வருமாக்கா?"

"கழுவித் தொலைக்கிறேன். நீ வா. அந்த எறும்பு மாதிரி நடிக்கிறதெல்லாம் வந்து சொல்லு. என் தம்பிக்கு மட்டுந்தானே சொல்லியிருக்க."

வெளியே வண்டி உறுமியது. எஸ்னாத் வாசலில் நின்றபடி செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றித் தள்ளி வைத்தாள்.

"மழ முடிஞ்சதும் வந்துடணும்," என்றாள்.

முச்சனேட்டா அந்த வெறுங்காலைப் பார்த்தாள். தன் செருப்பையும் உதறிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வந்துடறேன்க்கா," என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.