சோபாவிலிருந்து இறங்கிய டிகாஷன்

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேளம்பாக்கத்தில் என் அக்கா வீட்டு ஹாலில், ஒரு பக்கெட்டைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

பக்கெட்டில் இருந்தது தண்ணீர்தான். ஆனால் அதைத் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் டிகாஷன் மாதிரி இருந்தது... கறுப்பாக, கெட்டியாக, மேலே கொஞ்சம் நுரையோடு. ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை அது அக்காவின் க்ரீம் கலர் சோபாவுக்குள் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் காலையில் காப்பி குடித்தோம்.

அக்கா சுத்தக்காரி. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது என் சோபாவிலேர்ந்து வந்ததே இல்ல. மெஷின்லயே இருந்த அழுக்கு."

சோபாவின் அழுக்கை உறிஞ்சுகிற மெஷினைப் பிடித்திருந்த குமரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "எங்க பழைய கம்பெனில மேனேஜரும் இதையேதான் மேடம் சொல்வாரு."

அவன் மனைவி தேவி சிரிக்கவில்லை. பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க... இத எங்க ஊத்தறது?"



குமரனும் தேவியும் முடிச்சூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள். குமரன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவன். தளம் தளமாகக் கார்பெட்டைச் சுத்தம் செய்து செய்து, இதையே சொந்தமாகச் செய்தால் என்ன என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டான். தவணையில் ஒரு பழைய குட்டியானை வாங்கினான். காய்கறியும் கட்டிலும் ஏற்றிப் போகிற அந்தச் சின்ன லோடு வண்டியைத்தான் சொல்கிறேன். கூட வேலை செய்ய ஆள் வேண்டுமே என்று தேவியும் சூப்பர் மார்க்கெட் பில்லிங் வேலையை விட்டாள். அதாவது, ஒரு வீட்டின் இரண்டு சம்பளமும் அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

"கார்பெட்டா? நம்ம ஊர்லயா?" என்று நான் கேட்டேன். பாய் விரித்துப் படுத்த ஜனம் இல்லையா நாம்?

"பேருதான் சார் கார்பெட் க்ளீனிங். ஆபீஸ்ல கார்பெட்டு, வூட்ல சோபா, மெத்தை. கொழந்த உச்சா போன மெத்தை இந்த ஊர்ல எத்தினி கீது, நீங்களே சொல்லுங்க?"



சாயங்காலமானால் என் கால் வீட்டில் நிற்காது. அந்த மாதம் முழுக்க அது ஆல்பர்ட் அண்ணனின் வெல்டிங் ஷெட்டுக்குப் போயிற்று. தாம்பரம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஷெட். அங்கே குமரனின் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாகிக்கொண்டிருந்தது. நேற்றுவரை முட்டைகோஸ் உருண்ட தளத்தில் ரப்பர் மேட். மழை படாமல் இருக்க மேலே கூண்டு. புகை வெளியே போக, கதவோரம் ஜெனரேட்டர். உறிஞ்சுகிற மெஷினுக்கு பெல்ட். ஹோஸைச் சுற்றி வைக்க ஒரு சக்கரம். பிரஷ்களுக்குத் தனித்தனிக் கொக்கி, ஷாம்பு கேன் சாயாமல் இருக்கக் குறுக்குக் கம்பி. வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் ஒரு வண்டி தன் பழைய பிறப்பை மறக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. ஆல்பர்ட் அண்ணனுக்கு அப்படியெல்லாம் இல்லை. "சார், நெருப்ப பாக்காத. கண்ணு பூடும்" என்பார்.

எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அந்த டாங்க். ஐந்நூறு லிட்டர். கறுப்பு பிளாஸ்டிக். இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, நாலு பக்கமும் போல்ட் போட்டு உட்கார வைத்திருந்தது. குமரன் அதற்குக் குங்குமம் வைத்திருந்தான்.

"அபார்ட்மென்ட்ல தண்ணி குடுக்க மாட்டாங்க சார். அவங்களே லாரித் தண்ணி வாங்கறவங்க. நம்ம தண்ணி நம்மகிட்டயே இருக்கணும்."

நியாயம்தானே? ஷெட்டுக்கு வந்த எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. முந்நூறா ஐந்நூறா என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. டீ வாங்க வந்தவர், பஞ்சருக்கு நின்றவர், நான் — எல்லோரும் பேசினோம். பெரிய டாங்க் கட்சி ஜெயித்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். "சார் எழுதறவரு. வண்டில போட ரெண்டு வரி குடுங்க." நான் இரண்டு நாள் யோசித்து, தூசியும் வெளிச்சமும் வருகிற மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு போனேன். தேவி படித்தாள். "நல்லா இருக்கு சார்" என்றாள். "ஆனா இத எழுதினா போன் நம்பர் சின்னதாயிடும்." இப்போது வண்டியில் போன் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கிறது. அவள் செய்தது சரி.

முதல் வேலை என் அக்கா வீடு. அக்காவின் பிளாக்கில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள், 'உங்க சோபா எப்படி வருதுன்னு பாத்துட்டு சொல்றோம்' என்று காத்திருந்தன. மேல்மாடியில் ஒரு வீடு அன்று மதியமே வரச் சொல்லியிருந்தது. இந்த ஒரு வளாகம் பிடிபட்டால் வண்டி ஓடிவிடும். பிடிபடாவிட்டால்... குமரன் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது பக்கெட்டுக்கு வருவோம்.

"பாத்ரூம்ல ஊத்திடலாமா மேடம்?" என்றான் குமரன்.

"என் பாத்ரூம்லயா?" என்றாள் அக்கா. அவள் சோபாவின் அழுக்குதான்... இருந்தாலும் ஒரு முறை வெளியே வந்துவிட்டால் அது ஊரார் அழுக்கு.

கீழே கார் பார்க்கிங்கில் ஒரு வடிகால் இருந்தது. லிஃப்டில் பக்கெட்டை இறக்கி, வடிகால் மூடியைக் குமரன் தூக்கியபோது, குடியிருப்பு செக்ரெட்டரி நடராஜன் சார் வாக்கிங் ஷூவோடு வந்து நின்றார். சத்தம் போடுகிற செக்ரெட்டரி இல்லை இவர். அதனால்தான் பயமாக இருந்தது.

"தம்பி, அது ஷாம்புத் தண்ணியா?"

"ஆமா சார். கொஞ்சம்தான் சார்."

"போன வருஷம் கார் வாஷ் பண்றவங்களும் கொஞ்சம்தான்னாங்க. இங்க எல்லா வடிகாலும் நம்ம சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் போகுது. மறுநாள் பாத்தா நுரை, தொட்டிக்கு வெளிய ஒரு ஆள் உயரத்துக்கு. அந்தத் தண்ணி பாஞ்சு செடியெல்லாம் கருகிப்போச்சு. பாத்ரூம்ல ஊத்தினாலும் அங்கதான் வரும். வேணாம்."

"அப்ப இத எங்க சார் ஊத்தறது?"

"அத நீங்கதான் சொல்லணும். உங்க தொழில் இல்லியா?" என்றார். கோபமே இல்லாமல். "அழுக்குத் தண்ணிய எடுத்துட்டுப் போற ஏற்பாட்டோட வாங்க. மத்த வீட்டுக்கெல்லாம் நானே சொல்றேன். அதுவரைக்கும் கேட்ல விடமுடியாது."

குமரன் என்னைப் பார்த்தான். நான் வண்டியைப் பார்த்தேன். ஒரு மாதம் இழைத்து இழைத்து இடம் பண்ணிய வண்டி. பிரஷ்ஷுக்குக் கொக்கி இருந்தது, எக்ஸ்டென்ஷன் வயருக்கு வளையம் இருந்தது, குடிக்கிற தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ஒரு பொந்து. வேலையின் கடைசியில் மிஞ்சுகிற அந்த ஒன்றுக்கு மட்டும் இடமே இல்லை. ஐடி கம்பெனியில் அதைப் பக்கத்து டாய்லெட்டில் கொட்டுவார்கள். அப்புறம் அது யார் கவலை?

மூடியில்லாத பக்கெட்டோடு கிளம்பினால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே எல்லாம் ஜெனரேட்டர் மேல். ஒரு நிமிஷம் யோசித்தாள் தேவி. வண்டிக்குள் ஏறினாள். நல்ல தண்ணீர் டாங்க்கின் மூடியைத் திருகித் திறந்து, டிகாஷனை அதற்குள் கவிழ்த்தாள்.

"ஏய்! இன்னா பண்ற? அதுல முக்கால்வாசி நல்ல தண்ணி கீதுடி!"

"இருந்துச்சு" என்றாள் தேவி.

மதியத்து வீட்டுக்கு போன் போட்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொன்னதும் அவள்தான்.

நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வண்டலூர் போகிற ரோட்டில், ஏரி ஓரமாக, குட்டியானை இண்டிகேட்டர் போட்டு நின்றது. குமரன் இறங்கிப் பின்னால் வந்து வால்வில் கை வைத்தான். தேவி அவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எதுக்குத் தொறக்கற?"

"தேவி, பேஜார் பண்ணாத. பாதிக்கு மேல நல்ல தண்ணிதான். ராவானா இங்க எத்தினி லாரி வந்து கொட்றான் தெரியுமா? நம்ம ஒரு டாங்க்குல இந்த ஏரிக்கு இன்னா ஆவப்போவுது?"

"அவனும் இப்படிதான் சொல்லிகினு கொட்னான். அதான் மழைல நம்ம ஹால்ல முட்டி வரைக்கும் நின்னுச்சு. பீரோவத் தொறந்தா இன்னும் அந்த நாத்தம் வருது. உனக்கு வரலியா?"

"அது வெள்ளம்டி..."

"வெள்ளம் தண்ணிய மட்டுமா கொண்டாந்துச்சு?"

குமரன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

ஏரியில் வெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ தூண்டில் போட்டிருந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டேன்.

குமரன் வால்விலிருந்து கையை எடுத்தான். வண்டி அப்படியே, அவ்வளவு கனத்தோடும், முடிச்சூருக்குத் திரும்பியது.

தேவியின் சித்தப்பா மகன் கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய் இறக்குகிற லாரி. மறுநாள் வந்து குமரனின் டாங்க்கை எட்டிப் பார்த்தான். "இதுக்கா மாமா லாரிய எடுத்துகினு வர சொன்ன? டம்ளர்ல மொண்டுகினு போயிருப்பனே!" சிரித்துக்கொண்டே உறிஞ்சிக்கொண்டு போனான். இனிமேல் நிரம்பும்போதெல்லாம் போன் செய்யச் சொல்லியிருக்கிறான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. என் வீட்டுப் பாத்திரம் கழுவின தண்ணீர் எங்கே போகிறது? யோசித்துப் பார்த்தேன். சிங்க் வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு குழாய் சுவருக்குள் போகிறது. அதற்கும் பிறகு? 'தண்ணி வந்துச்சா?' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மோட்டார் போட்டு, லாரிக்குக் காத்து, குடத்தை வரிசையில் வைத்து... வருவதைப் பற்றி மட்டும்தான் நமக்கு பயம். போவதைப் பற்றி யார் கேட்டோம்? ஏரி இருந்த இடத்தில் காலனி வந்தபோதும் கேட்கவில்லை.

காலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நம்ம தெரு வீட்டுத் தண்ணியெல்லாம் எங்க சார் போகுது?"

"ஏன் சார், அடைச்சுக்கிச்சா?"

"இல்ல, சும்மாதான்."

"அடைக்கலன்னா அப்புறம் என்ன சார்?" என்று பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

வண்டி மறுபடி ஆல்பர்ட் அண்ணனின் ஷெட்டுக்குப் போயிற்று. பெரிய டாங்க்கைக் கழுவி, அழுக்குத் தண்ணீருக்கு என்று ஒதுக்கச் சொன்னாள் தேவி. நல்ல தண்ணீருக்கு அதில் பாதி அளவில் ஒரு டாங்க். ஷாம்பு அலமாரி போயிற்று. ஜெனரேட்டர் இன்னும் ஓரத்துக்குப் போயிற்று.

குமரனுக்கு மனசே இல்லை. "குங்குமம் வெச்ச டாங்க்ணா அது. அதுல போயி அழுக்கு..."

"நீ இன்னா சொன்னியோ அத பண்ணேன். இப்ப உன் வூட்டுக்காரம்மா சொல்றத பண்றேன்" என்றார் ஆல்பர்ட் அண்ணன். "ஆனா இன்னாத்துக்குமா, அழுக்குக்குப் போயி பெருசு?"

"போன தடவை பட்டது போதும்ணா" என்றாள் தேவி. குங்குமத்தை அவள் அழிக்கவில்லை.

போன ஞாயிறு. கேளம்பாக்கம் கேட்டில் குட்டியானை நின்றது. நடராஜன் சார் வந்தார். பின்கதவைத் திறக்கச் சொன்னார். குனிந்து, ஒவ்வொரு குழாயாகக் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தார். குமரனின் நெற்றியில் வேர்வை. இவர் தலையாட்டாவிட்டால் மறுபடி யாரோ ஒரு கம்பெனியில் யூனிஃபார்ம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"இது ரொம்பினா எங்கம்மா போகும்?"

தேவி சொன்னாள். லாரி, சித்தப்பா மகன், சுத்திகரிப்பு நிலையம், எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் செக்யூரிட்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கேட்டின் குறுக்குக் கம்பி மேலே போனது. பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே செய்தி போட்டார்.

அன்று நாலு வீடு. மூன்றாவது வீட்டின் மெத்தை பாதியில் இருக்கும்போது, நல்ல தண்ணீர் டாங்க் காலி. குமரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்... பெரிய டாங்க்க போயி..." என்று ஆரம்பித்தான். பிறகு, வேறு வழியில்லாமல், தயங்கித் தயங்கி நடராஜன் சாரிடம் போனான்.

"சார்... கொஞ்சம் தண்ணி..."

"தண்ணியா?" என்றார் அவர், இதற்கா இவ்வளவு தயக்கம் என்கிற முகத்தோடு. "அதான் அந்த ஓரத்துல பைப் இருக்கே தம்பி. புடிச்சுக்கோங்க."

நல்ல தண்ணீரை யாரிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது... அழுக்குக்குத்தான் சொந்தமாக ஒரு டாங்க் வேண்டும்!