வயர்மேன் தங்கையனும் வைகாசிக் காகங்களும்

கம்பத்திலிருந்து இறங்கியதும் தங்கையன் தரையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். புல்லை விலக்கி, வாய்க்கால் ஓரச் சேற்றைக் கிளறி, குனிந்தபடியே கம்பத்தை இரண்டு சுற்று வருவார். போகிறவர்கள் என்ன தொலைந்தது என்று கேட்டாலும் நிமிர மாட்டார். மேலே லைனுக்குக் கட்டுக்கம்பி போடும்போது வெட்டுப்பட்டு விழுந்த கம்பித் துண்டுகளைத்தான் பொறுக்குகிறார். கிடைத்ததெல்லாம் சட்டைப் பைக்குள் போகும். அந்தப் பை கிழியக் கிழியத் தைத்துக் கொடுப்பது அவர் மனைவி கயல்விழியின் தலையெழுத்து.

நீடாமங்கலம் பக்கம் ஏழு ஊருக்கு அவர்தான் வயர்மேன். ஐம்பத்திரண்டு வயது. பேச்சில் பாதி காகங்களைப் பற்றி. ஆண் காகம் குச்சி கொண்டுவருமாம்; பெண் காகம் பிடிக்கவில்லை என்று அதைக் கீழே போடுமாம்; ஆண் சற்று நேரம் கழித்து அதே குச்சியைக் கொண்டுவந்து நீட்டுமாம். "எங்க வீட்லயும் அதே கதைதாங்க." சித்திரை, வைகாசியில் கூடு கட்டும் காகத்துக்குக் குச்சியைவிடக் கம்பி பிடித்துப்போகிறது. பின்னிவிட்டால் காற்றுக்கு அசையாது. ஆனால் அந்தக் கம்பி லைனைத் தொட்டால் ஊருக்கே கரண்ட் போய்விடும்.

நான்கு வருடம் முன்பு அப்படி ஒரு கூடு தொட்டுவிட்டது. லேசான தூறல்தான். காகம் இரண்டும் கருகிக் கீழே கிடந்தன, குஞ்சுகளும் மிஞ்சவில்லை. கூட்டைப் பிரித்த தங்கையன் உள்ளே இருந்த கம்பியைப் பார்த்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுகிறது. "என் கட்டிங் பிளேயர் வாயில ஒரு பக்கம் பொக்கை. அது வெட்டுனா ஓரத்துல பிசிறு நிக்கும். அத்தனை துண்டுலயும் பிசிறு இருந்துச்சுங்க." அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பொறுக்கல்.

நான் அவரோடு சுற்றிய நாளில் விவசாயி இளையபெருமாளின் வயலோரக் கம்பத்தில் ஒரு கூடு. காலையிலிருந்து மூன்று முறை ஃப்யூஸ் போய்விட்டது. குறுவை நாற்றங்கால் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. மோட்டார் ஓடாவிட்டால் அன்றைய வெயிலுக்கே கருகிவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தங்கையன் ஏறினார். கூட்டில் நான்கு குஞ்சுகள். மூன்று இளஞ்சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்பு குயிலுடையது. அது அவர்கள் குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று மேலிருந்து தகவல் வந்தது.

தள்ளிவிட்டால் ஒரு நிமிட வேலை. இவரோ கூட்டிலிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, கூட்டை அப்படியே ஒரு பழைய பெயிண்ட் வாளிக்குள் வைத்து இறக்கினார். முப்பதடி தள்ளி நின்ற பூவரச மரத்தில் வாளியைக் கட்டக் கிளம்பியதும் இளையபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

"காக்கா வேற குஞ்சு பொரிச்சுக்கும் தங்கையா. என் நாத்து மறுபடி மொளைக்குமா?"

"அரை மணி நேரம் குடுங்கண்ணே. ரெண்டும் பொழைக்கட்டும்."

அரை மணி ஒரு மணியானது. அதுவரை இரண்டு காகங்களும் அவருடைய ஹெல்மெட்டில் டமாரம் அடித்தன.

மோட்டார் ஓடியது. நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்ததும் இளையபெருமாள் முகம் தெளிந்தது, தங்கையனுடையது தெளியவில்லை. காகங்கள் பூவரசின் பக்கமே போகவில்லை. கூடு இருந்த கம்பத்திலேயே உட்கார்ந்து கரைந்துகொண்டிருந்தன. நாம் நிற்பதால்தான் என்று சொல்லி அவரை டீக்கு இழுத்துப்போனேன். டீ ஆறியது. இடம் மாறிய கூட்டைச் சில காகம் ஏற்கும், சில கைகழுவிவிடும் என்றார். கைகழுவிவிட்டால் இந்த வெயிலில் குஞ்சுகள் ஒரு நாள்கூடத் தாங்காது.

ஏறிப் பார்த்தால் வருகிற காகமும் மிரண்டுவிடும். கீழிருந்து வாளிக்குள் தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு என்றார். "தன் கூடுன்னு நெனச்சாத்தான் காக்கா சண்டைக்கு வரும். விட்டுட்டுதுன்னா நம்மளச் சட்டையே பண்ணாது."

நாலரை மணிக்குத் திரும்பினோம். கம்பத்தில் காகங்களைக் காணோம். இளையபெருமாள் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். தங்கையன் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வழுக்கைத் தலையோடு பூவரச மரத்தடியில் போய் நின்றார். ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. கிளையில் ஓர் அசைவும் இல்லை.

இலைகளுக்குள்ளிருந்து சத்தமில்லாமல் இறங்கிய காகம் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்திவிட்டு மரத்துக்கே திரும்பியது.

தங்கையன் தலையைத் தடவினார். விரலில் ரத்தம். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர் மையைக் காட்டுவதுபோல் அந்த விரலை உயர்த்தி இளையபெருமாளிடம் காட்டினார்.