ஓட்டை போட்ட எழுத்துகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருபது வருஷம் தறியில் உட்கார்ந்துவிட்டு, முதுகுவலி வந்த பிறகு பட்டுப்புடவைக் கடைக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் முதலாளி, "திங்கக்கெழமையில இருந்து வெளிநாட்டுக் கஸ்டமருக்கு வீடியோ கால்ல நீதாம்மா இங்கிலீஷ்ல பேசிப் புடவை காட்டணும். முடியலன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு மருமகளிடம் போனேன். சேத்துப்பட்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து, கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் receipt, design என்ற சொற்களை 'ரிசிப்ட்', 'டிசைக்ன்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தபோது அவள் சிரிக்கவில்லை. "எழுதியிருக்கறத நம்பித்தானக்கா படிக்கறீங்க. தப்பு உங்க மேல இல்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் புடவைப் பெட்டி அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, மாமனாரின் உளியால் சத்தம் வராத எழுத்துக்குக் கீழே ஓட்டை போட்டு வைத்திருந்தாள். நானும் எனக்குத் துணையாக வந்த இரண்டு நெசவுக்காரப் பெண்களும் படித்தோம். மூன்று பேரும் ஒரே குரலில், ஓட்டை இருந்த எழுத்தையே அழுத்திச் சொன்னோம். "ரிசிப்ப்ட்!"

அவள் திகைத்துப்போனாள். "ஓட்ட போட்டதே அத விட்டுட்டுப் படிக்கத்தானேக்கா?"

"இன்னா டீச்சர், தறி வீட்ல இருந்துகினு இது தெரியாதா?" என்றாள் துணைக்கு வந்தவர்களில் ஒருத்தி. "அட்டையில ஓட்ட இருந்தாத்தான் நூலு மேல ஏறும். இல்லாங்காட்டி கம்முனு கீழ கெடக்கும்."

வேறு யாராவது என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அவளோ எழுந்து உள்ளே போய், தறிக்கு மேலே தொங்கிய, புடவையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "நான்தான் தலைகீழா பண்ணிட்டேன்" என்றாள். இரண்டே நாளில் நாற்பது அட்டைகளையும் புதிதாகச் செய்துவிட்டாள். இம்முறை ஒலிக்கிற எழுத்துகளுக்கெல்லாம் ஓட்டை.

திங்கட்கிழமை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் மேலே இருந்த அட்டையை விரலால் தடவினேன். ஓட்டை, ஓட்டை, ஓர் இடத்தில் வெறும் அட்டை. அந்த எழுத்தைத் தாண்டினேன். "டிசைன்" என்றேன். திரையில் இருந்த அம்மா தலையாட்டிவிட்டு, அடுத்த புடவையைக் கேட்டார்.

சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"நாளைக்கும் என்னியே உக்காரச் சொல்லிட்டாரு டீச்சர்."