ராணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி எங்கே?

திறப்பு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தபோது, பள்ளிச் சீருடை வெட்டும் மேசைகளுக்கு மேலே இந்த விதியை நானே எழுதி ஒட்டினேன். மீறிய இருவருக்கு மெமோவும் கொடுத்தேன். ஓய்வுபெற்று வீட்டில் தைக்க உட்கார்ந்ததும், முதல் ஆர்டரிலேயே அதை மீறினேன். எனக்கு மெமோ கொடுக்க ஆள் இல்லை.

ஆர்டர் கொடுத்தவள் எங்கள் தெருக்கோடி வீட்டு ரோஸி. சாயங்காலம் டிவியில் ஓடும் ராஜா காலத்துத் தொடரில் மகாராணி போடும் ஜாக்கெட், அவளுடைய கல்யாண வரவேற்புக்கு வேண்டுமாம். அகலச் சதுரக் கழுத்து, முழங்கை வரை இறுக்கமான கை, இடுப்பைப் பிடிக்கும் நீளம், முன்பக்கம் முழுக்கச் சரிகைக் கொடி. துணி, சேலையோடு வந்த ஜாக்கெட் துணி. கெடுத்தால் அதே துணி வேறெங்கும் கிடைக்காது.

"கெட்டுப் போயிராதுல்ல, சூப்பர்வைசரம்மா?" என்றாள் ரோஸி.

"இம்புட்டு வருசமா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பினோஃபார்ம் வெட்டுனவங்க, ராணிக்கு வெட்ட மாட்டாங்களா?" என்றாள் அவள் அம்மா ஆரோக்கியம். அது பாராட்டுதானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொடரை நிறுத்தி நிறுத்திக் கழுத்தையும் கையையும் கொடியையும் நோட்டில் வரைந்தேன். முன்பக்கத்தையும் முதுகையும் துணியின் மடிப்பில் வைத்து, நடுவில் பிளவில்லாமல் ஒவ்வொன்றையும் ஒரே துண்டாக வெட்டினேன். லைனிங் கொடுத்து, சைடு மூட்டி, சரிகையும் தைத்து முடித்தேன். கொக்கி பாக்கெட்டைக் கையில் எடுத்த பிறகுதான், அதை வைக்க இடமே இல்லை என்று தெரிந்தது.

ராணி தலைவழியாகத்தான் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டு ரோஸியை அழைத்தேன். தலை நுழைந்தது. தோள் நுழையவில்லை. இரண்டு கையும் மேலே நிற்க, பாதி ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.

"செத்த நேரம் அசையாத" என்றேன்.

"அசைய முடிஞ்சா அசைய மாட்டேனா?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்படியே மேடையில போய் நில்லு, மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கும்" என்றாள் ஆரோக்கியம். சிரித்து முடித்துவிட்டுத்தான் இழுக்க வந்தாள்.

அன்று முதல் மூவரும் ராணியின் முதுகைப் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்தோம். ராணி அழுதாள், வாள் எடுத்தாள், சிறைக்கும் போனாள். ஒருதரம் திரும்பினாள்; பின்னல் மறைத்தது. இன்னொரு தரம் திரும்பினாள், மேலே சால்வை.

"ராசா செத்தாக்கூட இவ முதுகக் காட்ட மாட்டா போலிருக்கே" என்றாள் ஆரோக்கியம்.

முறைப்படி டிவிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். 'பொருள்: மகாராணியின் ஜாக்கெட் – திறப்பு விவரம் கோருதல் – தொடர்பாக.' பத்து நாளில் நினைவூட்டு ஒன்று. அடுத்த பத்து நாளில் நினைவூட்டு இரண்டு. அதற்குள் வரவேற்புக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"வேற ஜாக்கெட் வாங்கிக்கிறேன், விடுங்க" என்றாள் ரோஸி. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

ஜாக்கெட்டை மேசையில் போட்டு, சீருடையைச் சோதிப்பதுபோல் தையல் தையலாகப் பார்த்தேன். முதுகை நடுவில் பிளந்தால் பட்டி மடிக்கத் துணி கிடையாது. சைடில் மட்டும், பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருந்தேன். பள்ளி ஸ்கர்ட்டுக்கு எந்தப் பக்கம் திறப்பு வைப்போம்? இடது பக்கம். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை பிரித்து, பட்டி வைத்து, எட்டுக் கொக்கி தைத்தேன். கையைத் தொங்கவிட்டால் ஒன்றும் தெரியாது.

வரவேற்பில் நாத்தனார் ரோஸியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எப்படித்தான் இதுக்குள்ள போன?"

"ராணியைக் கேளுங்க" என்றாள் ரோஸி, இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு.

தொடரைப் பார்த்துத் தைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திரையில் தெரிவதை யாரும் வரைந்துவிடலாம். காட்டாமல் விட்டதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிவிக்காரர்களின் பதில் இரண்டே வரி. ராணியின் ஜாக்கெட்டுக்கு முதுகு தைப்பதில்லை. படப்பிடிப்பில் பின்னால் நான்கு கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். கடிதத்தின் மேல் வழக்கம்போல் 'பெறப்பட்டது' என்று எழுதி, வந்த நாளையும் குறித்தேன்: ரோஸியின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை.