ஒற்றையை எண்ணாத ரேவதி

தினமும் மாலை ஆறு மணிக்கு மாடி வீட்டுக் கைப்பேசி "சூப்பர்! கலக்கிட்டே!" என்று என்னைப் பாராட்டுகிறது. பாராட்டு எனக்கில்லை, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஆயிஷாவுக்கு. ஆனால் நம் வீட்டுக் கூரை வழியாக வருவதை வேண்டாம் என்று சொல்வானேன்? சரியான விடையைத் தொட்டால் திரையில் பலூன் பறக்குமாம். தப்பாகத் தொட்டால் கோபிக்காமல் 'மறுபடி முயற்சி செய் செல்லம்' என்று கொஞ்சுமாம். பெற்றவர்களுக்கு அந்த நேரத்தில் சீரியல் பார்க்க முடிகிறது. அறிவியல் வளர்ந்துதான் இருக்கிறது.

நேற்று அவளுக்கு வாங்கிய புது ஷூவின் பெட்டியைப் பிரித்தார்கள். படிக்கட்டு வழியே சொல்யூஷன் வாசனை இறங்கி வந்தது. ஷூ ஒட்டும் பசையை ஆம்பூரில் அப்படித்தான் சொல்வோம். அதன் பின்னாலேயே என் மகள் ரேவதி யு.கே.ஜி. படித்த வருஷமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பால்காரர் வராத நாளைக்கூட டைரியில் குறித்து வைப்பவள் நான். ஆனால் அந்த வருஷத்து டைரியில் ரேவதி மயில் மயிலாக வரைந்து தள்ளிவிட்டதால் தேதி சரியாகத் தெரியவில்லை. மார்ச் மாதம் என்பது மட்டும் ஒரு மயிலின் கால் இடுக்கில் தெரிகிறது.

அப்போது நான் வீட்டிலேயே அப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். கம்பெனியிலிருந்து ஜமீல் பாய் மூட்டையில் கொண்டுவந்து போடுவார், சனிக்கிழமை வந்து எடுத்துப் போவார். அவர்தான் ஏஜென்ட். ரேவதி என் பக்கத்தில் உட்கார்ந்து இடதையும் வலதையும் சேர்த்துச் சேர்த்து அடுக்குவாள். அதுதான் அவளுக்கு விளையாட்டு, பொம்மை எல்லாம்.

அந்த மார்ச்சில் பள்ளிக்கூடத்து மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்பரே வரலைம்மா இவளுக்கு. பத்து மாம்பழம் படம் காட்டினா அஞ்சுன்றா. படிக்கிறதும் சுமார்தான். ஏப்ரல்ல ஒரு டெஸ்ட் வைப்பேன். தேறலைன்னா இன்னொரு வருஷம் யு.கே.ஜி.தான்."

இன்னொரு வருஷம் யு.கே.ஜி.! தெருவில் தலைகாட்ட முடியுமா? ஆறு வயதுக்குள் ஒரு முறை தோற்றுப்போனவளை யார் மதிப்பார்கள்? அப்படித்தான் நாங்கள் அப்போது நினைத்தோம், மிகுந்த தெளிவோடு.

படிப்பு அவள் அப்பா பொறுப்பு. அவர் தோல் தொழிற்சாலையில் கிளார்க். பஸ் போர்டைப் பார்த்தே தமிழ் கற்றுத் தருகிறேன் என்று தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். ஒரே வாரத்தில் ரேவதி வேலூர், ராணிப்பேட்டை, சோளிங்கர் எல்லாம் சரளமாகப் படித்தாள். எழுத்தைப் பார்த்தல்ல, பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து. ஒருநாள் வேறு வண்டி மாற்றி விட்டார்கள், கல்வி முழுவதும் போயிற்று. அதற்கப்புறம்தான் கண்ணை எழுத்துக்குத் திருப்பினார்.

கணக்கு என் பொறுப்பு. நூலகத்திலிருந்து குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் எடுத்துப் படித்திருந்தேன். விளையாட்டாகவும் பொறுமையாகவும் சொல்லித்தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன். ஏழு புளியங்கொட்டையை வைத்து எத்தனை என்றேன்.

"மூணு."

பொறுமையாக மறுபடி கேட்டேன்.

"மூணும்மா."

புத்தகத்தில் சொன்ன பொறுமை அதோடு தீர்ந்தது.

"உன்ன மாதிரியே பாதிதான் வெளங்குது இவளுக்கு" என்றார் அவள் அப்பா.

"மீதி பாதி உங்ககிட்டேர்ந்து வந்ததுங்க" என்றேன்.

சண்டை முற்றும் நேரத்தில்தான் பார்த்தேன். ரேவதி ஒரு கொட்டையை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத ஏண்டி தள்ற?"

"அது ரிஜெக்ட்டும்மா. ஜோடி இல்ல."

சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் ஜமீல் பாய் நடத்திய வகுப்பு அது. "ஜோடி இல்லாதது ரிஜெக்ட்டு தங்கச்சி. ஒத்தைய வச்சி நான் இன்னா பண்றது? ஒத்தக் கால் வெள்ளைக்காரனத் தேடிப் போவவா? பேஜார் பண்ணாத." அந்த வீட்டில் நாற்பது என்றால் நாற்பது ஜோடி. ஒற்றையை யாரும் எண்ணி அவள் பார்த்ததே இல்லை. ஃபீஸ் வாங்காமல் நாங்கள் சொல்லித்தந்த கணக்கைத்தான் பிள்ளை பிசகாமல் படித்திருந்தாள்.

"ஸ்கூல்ல ஒத்தையும் சேத்து எண்ணணும் கண்ணு."

"ஏன்?"

"மிஸ் ஷூ தைக்க மாட்டாங்க."

"பாவம்" என்றாள் ரேவதி.

ஏப்ரலில் டெஸ்ட். மூன்று பேரும் போனோம். மிஸ் ஒன்பது சாக்பீஸ் வைத்தார். "ஒம்போது." மரம், பட்டம், குடம் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். என் கணவர் தானே பாஸான மாதிரி மீசையைத் தடவினார். மிஸ்ஸும் பேனாவைத் திறந்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். கடைசியாக, சும்மா, "உங்க வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டார்.

ரேவதி திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஒரு ஜோடி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நான் ரிஜெக்ட்டு."

மிஸ்ஸின் பேனா நின்றது. என் கணவர்தான் எழுந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"இன்னா பேச்சு இது? சரக்கே நீதாண்டி. நாங்க வெறும் அட்டப்பெட்டி."

மிஸ் பாஸ் போட்டார். "கணக்கு பரவால்ல. வீட்ல கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்று எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தந்தார்.

ரேவதி இப்போது கோயம்புத்தூரில் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்கிறாள். ஒற்றையையும் சேர்த்து எண்ணுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். கம்பெனி தையலையெல்லாம் தன் கேட்டுக்குள் இழுத்துக்கொண்டது, வீட்டுக்கு மூட்டை வருவதில்லை. ஜமீல் பாய் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து என் கணவரும் இல்லை. அந்தத் தேதி மட்டும் டைரியில் தெளிவாக இருக்கிறது, மயில் எதுவும் மறைக்கவில்லை.

இன்று மாலை ஆயிஷா கைப்பேசியோடு கீழே வந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆட்களை எண்ணிப் போட வேண்டுமாம், வீட்டுப்பாடம்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல எத்தன பேரு?"

"ஒண்ணு."

தொட்டாள். பலூன் பறந்தது. "சூப்பர்! கலக்கிட்டே!" என்றது கைப்பேசி.

ஒற்றையைப் போய்ப் பாராட்டுகிறது, தரம் பார்க்கத் தெரியாத கருவி.