பேர் போன பேர்

போன ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்தில், என் அக்கா வீட்டில் அகீகா. பிறந்த ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்கி, பேர் வைத்து, ஆடு அறுத்துப் போடும் விருந்து. பிரியாணி தம்மில் இருக்கிறது. பேர் சொல்லி துஆ ஓதப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தைக்குத்தான் பேர் இல்லை!

ஏன் இல்லை? இருந்தது. போய்விட்டது.

குழந்தையின் அம்மா சபீனா, அக்காவின் இளைய மகள். வயிற்றில் இருக்கும்போதே ஒரு பேர் பிடித்து வைத்திருந்தாள் — சுந்துஸ். சொர்க்கத்தில் உடுத்தக் கிடைக்கும் மெல்லிய பட்டுக்கு அரபியில் அந்தப் பேர். ஜவுளிக்கடைக் குடும்பம் இல்லையா... கேட்டதும் எனக்கே சிலிர்த்துவிட்டது. "ஊர்ல ஒருத்தருக்கும் இல்ல மாமா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சத்தியம் வாங்கினாள். நான் காப்பாற்றினேன். அவள்தான் வாய் பொறுக்காமல் தன் அக்கா ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டாள்.

அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட ரிஸ்வானாவும் அப்போது கர்ப்பம். பிரசவம் அவளுக்கு முந்திக்கொண்டது. பெண் குழந்தை. பேர்? சுந்துஸ்!

அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. சமாதானத் தூதர் யார்? இந்த இளிச்சவாய் மாமாதான். நானும் போனில் வேறு பேர்களாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று பழசாம். இன்னொன்று பக்கத்து வீட்டில் இருக்கிறதாம். இருந்தால் என்ன? அந்த வீட்டுக்காரர் வாடகையா கேட்கப்போகிறார்?

விருந்துக்கு ரிஸ்வானாவும் கைக்குழந்தையோடு வந்தாள். சபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ சொன்ன அன்னைக்கே மனசுல ஒட்டிக்கிச்சுடி. வேற என்னா பேரு சொல்லிக் கூப்ட்டாலும் எம்புள்ளைக்குப் பொருந்தல. நான் என்னா பண்றது?"

"கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்கா."

ரிஸ்வானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். "புள்ளைக்கு என்னம்மா பேரு?"

"சுந்துஸ்" என்றாள் சபீனா.

"ஒரே வூட்ல ரெண்டாடி?" என்று என் அக்கா பதறினாள். "வைக்கட்டும்மா, அவ தேடுன பேருதானே" என்ற ரிஸ்வானா, தன் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுத் தங்கையின் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அக்காளும் தங்கையும் அழுதார்கள், சிரித்தார்கள், சேர்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நடுவில் எனக்கு எதற்கம்மா இத்தனை நாள் ரத்தக்கொதிப்பு?

கூப்பிட்டால் ரெண்டும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்குமே என்று இப்போது புதுக் கவலைப்படுகிறாள் என் அக்கா. மூன்று பிள்ளை வளர்த்தவன் சொல்கிறேன் — ஒன்றுகூடத் திரும்பாது!